ஆசிரியர் பெயரே இல்லாத இணையப் பக்கத்தை ஆய்வேட்டில் எப்படிக் காட்டுவது?

வாசகியின் கடிதம், சுருக்கமாக

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பள்ளி ஆசிரியை, பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். தலைப்பை அப்படியே சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால், குளத்துப் பாசனமும் ஊர் மராமத்தும் பற்றிய ஆய்வு என்று மட்டும் சொல்கிறேன். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. துணைநூற்பட்டியலில் 41 இணையப் பக்கங்கள். அவற்றில் ஒன்றில்கூட எழுதியவர் பெயர் இல்லை என்று நெறியாளர் சிவப்பு மையில் வட்டமிட்டு, "ஒன்று பெயரைக் கண்டுபிடியுங்கள், இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

சீனியர் ஒருவர் எல்லாவற்றுக்கும் "அநாமதேயர்" என்று போடச் சொன்னாராம். தட்டச்சு செய்து கொடுக்கும் கணினி மையத்துக்காரர் அது நன்றாக இல்லை என்று பக்கத்தின் அடியில் இருந்த பெயர்களை எடுத்து நிரப்பியிருக்கிறார்: தேசிய தகவலியல் மையம், ஏதோ ஒரு வெப் டிசைன் கம்பெனி, இரண்டு இடங்களில் "அட்மின்". ஒரு பக்கத்துக்கு மட்டும் ஏஐ செயலியிடம் கேட்டதில் அது ஒரு பேராசிரியர் பெயரைச் சொல்ல, அதுவும் பட்டியலில் ஏறிவிட்டது. கடைசியாக இன்னொரு நண்பர், "பெயர் இல்லாதது யாருக்கும் சொந்தமில்லை, காட்டவே வேண்டாம், கருத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேரில் ஒற்றுமை பத்து சதவீதத்துக்குள் வந்தால் போதும்" என்று சொல்லியிருக்கிறார். "வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் என் மூன்று வருட உழைப்பை இணையக் குப்பை என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?" என்று முடிகிறது கடிதம்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கூடவே அனுப்பியிருந்த பட்டியலை அச்செடுத்து வைத்துக்கொண்டு 41 பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வு மாணவர்களின் பட்டியல்களைச் சரிபார்த்துக் கொடுப்பதுதான் பல வருடமாக என் வேலை, அதனால் எங்கே தேட வேண்டும் என்பது கைப்பழக்கமாகிவிட்டது. முதலில் நல்ல செய்தி. உங்கள் 41 பக்கங்களில் 32க்குப் பொறுப்பானவர் யார் என்று தெளிவாகச் சொல்ல முடிகிறது. உண்மையிலேயே பெயரற்றவை ஒன்பதுதான். அந்த ஒன்பதிலும் உங்கள் ஆய்வுக்கு ஆபத்து என்று நான் நினைப்பது ஒன்றே ஒன்றை. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆனால் அதற்கும் முன்னால், இந்தக் கடிதத்தை மூடிவைத்துவிட்டு இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஏஐ சொன்ன அந்தப் பேராசிரியர் பெயரை எடுத்துவிடுங்கள். அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தேன், அந்தப் பெயர் எங்குமே இல்லை. இந்தச் செயலிகள் கேட்ட கேள்விக்குப் பொருத்தமாகத் தோன்றும் பெயரைத் தாமே உருவாக்கிச் சொல்லக்கூடியவை. அந்தப் பெயரில் உண்மையிலேயே ஒரு பேராசிரியர் இருந்து, உங்கள் புறத்தேர்வாளருக்கு அவர் தெரிந்தவராகவும் இருந்து, "இதை அவர் எங்கே எழுதினார்?" என்று கேட்டால் உங்களிடம் பதில் கிடையாது. பெயர் இல்லாமல் ஒரு பக்கத்தைக் காட்டுவது பெரிய குறை ஆகாது. எழுதாத ஒருவர் தலையில் எழுத்தைக் கட்டுவது பொய்ச் சான்று ஆகிவிடும். உங்கள் பட்டியலில் இதைவிட மோசமானது வேறு எதுவும் இல்லை, நல்ல வேளையாக அது ஒரே ஒரு பதிவுதான்.

உண்மையிலேயே பெயர் இல்லையா?

ஆசிரியர் என்றால் ஒரு மனிதர், அவருக்கு ஒரு பெயர், முன்னால் ஒரு இனிஷியல் என்று நாம் பழகிவிட்டோம். மேற்கோள் முறைகளில் அப்படி இல்லை. அந்த எழுத்துக்கு யார் பொறுப்பேற்கிறார்களோ அவர்கள் ஆசிரியர். அது ஒரு துறையாக இருக்கலாம், ஆணையமாக இருக்கலாம், சங்கமாக இருக்கலாம். உங்கள் பட்டியலில் 14 பக்கங்கள் இந்த வகை.

நீங்கள் எட்டாவதாக வைத்திருக்கும் மாவட்டத் தளத்தின் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். மேலே தலைப்பு, நடுவில் ஆறுகளும் அணைகளும் பற்றிய விவரம், எழுதியவர் பெயர் இல்லை. கடைசிவரை இறக்கிப் பாருங்கள். உள்ளடக்கத்துக்கு உரியவர் மாவட்ட நிர்வாகம் என்றும், தளத்தை உருவாக்கிப் பராமரிப்பது தேசிய தகவலியல் மையம் என்றும் தனித்தனியாகவே போட்டிருக்கிறார்கள். கணினி மையத்துக்காரர் இரண்டாவதை எடுத்துப் போட்டுவிட்டார். அது அச்சகத்தின் பெயரை நூலாசிரியராகப் போட்ட மாதிரி. நீங்கள் போட வேண்டியது மாவட்ட நிர்வாகத்தின் பெயரை. வெப் டிசைன் கம்பெனி பெயர் வந்த இடத்திலும் இதே தவறுதான்.

அதே அடிப்பகுதியில் இன்னொரு வலையும் இருக்கிறது. "கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நாள்" என்று ஒரு தேதி தெரியும், அதை நீங்கள் வெளியான ஆண்டாகக் கொடுத்திருக்கிறீர்கள். அது தளம் முழுவதற்கும் ஓடிக்கொண்டிருக்கும் தேதி. நாளைக்கு வேறு ஏதோ ஒரு பக்கத்தில் டெண்டர் அறிவிப்பு ஏறினாலும் மாறிவிடும். பதிப்புரிமைக் குறியோடு அடியில் இருக்கும் ஆண்டும் அப்படித்தான். நீங்கள் படித்த அந்த ஒரு பக்கத்துக்கென்று தேதி இல்லாவிட்டால் "ஆண்டு இல்லை" என்று போடுங்கள், கூடவே நீங்கள் பார்த்த நாளைக் கொடுங்கள்.

குடிமராமத்து, அதாவது ஊர்மக்களே சேர்ந்து குளங்களைப் பராமரிக்கும் திட்டம் பற்றிய அரசு ஆவணங்களில் ஒரு நுட்பம் இருக்கிறது. 2017இல் அந்தத் திட்டத்தை மறுபடி கொண்டுவந்தபோது பாசனம் பொதுப்பணித் துறையின் கீழ் இருந்தது. நீர்வளத் துறை என்று தனித் துறை வந்தது 2021இல்தான். நீங்கள் எல்லாவற்றையும் நீர்வளத் துறை என்று ஒரே பெயரில் சேர்த்துவிட்டீர்கள். ஆவணம் வெளியான அன்று அதன் முகப்பில் எந்தத் துறையின் பெயர் இருந்ததோ அதைத்தான் போட வேண்டும். சட்டமன்றத்தில் மானியம் கேட்கும்போது துறை வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு என்றால் மானியக் கோரிக்கை எண்ணும் ஆண்டும் அட்டையிலேயே இருக்கும், அவற்றையும் சேர்த்துவிட்டால் லிங்க் செத்துப்போனாலும் நூலகத்தில் தேடி எடுத்துவிடலாம்.

அடுத்து 11 செய்தித்தாள் பக்கங்கள். "நமது நிருபர்", "சிறப்புச் செய்தியாளர்" என்று போட்டிருப்பதை ஆசிரியர் பெயராக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்பது என் கருத்து, அது யாரையும் அடையாளம் காட்டுவதில்லை. ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறை) என்றால் செய்தியின் தலைப்பு முதலில் வரும், அப்புறம் தேதி, அப்புறம் பத்திரிகையின் பெயர். சிகாகோ முறையில் பத்திரிகையின் பெயரையே ஆசிரியர் இடத்தில் நிறுத்தலாம். செய்திக்கு நாள் முக்கியம், அதனால் வெறும் ஆண்டோடு நிறுத்தாமல் நாள், மாதம் இரண்டையும் கொடுங்கள். உங்கள் பட்டியலில் ஏழு செய்திகளுக்கு அது இல்லை.

விக்கிப்பீடியா பக்கங்கள் நான்கு. அங்கே பெயர் இல்லாததற்குக் காரணம் பலர் கூடி எழுதுவதும் தொடர்ந்து திருத்துவதும்தான். காட்டியே ஆக வேண்டும் என்றால் கட்டுரையின் தலைப்பை முதலில் போட்டு, "வரலாறு" பகுதிக்குப் போய் நீங்கள் படித்த அன்றைய பதிப்பின் நிலையான முகவரியைக் கொடுக்க வேண்டும். ஆனால் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஒரு குளத்தின் பரப்பளவுக்கு விக்கிப்பீடியாவைச் சான்றாகக் காட்டுவது எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கட்டுரையின் அடிக்குறிப்பில் மூல ஆவணம் எது என்று இருக்கிறது, நான்கில் மூன்றில் நானே பார்த்தேன். அதைத் திறந்து படித்து அதையே காட்டுங்கள். படிக்காமல் அடிக்குறிப்பை மட்டும் பெயர்த்து எடுத்துவிடாதீர்கள், ஏனென்றால் அந்த மூன்றில் ஒன்றில் மூல ஆவணத்தில் இருக்கும் எண்ணும் விக்கிப்பீடியாவில் இருக்கும் எண்ணும் வேறு வேறு.

மிச்சம் மூன்று, மின்னூல் தளங்கள். புறநானூற்று வரிக்கு "மதுரைத் திட்டம்" என்று ஆசிரியர் பெயர் போட்டிருக்கிறீர்கள். 1998 தைப்பொங்கலில் தொடங்கி இன்றுவரை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் வளர்த்திருக்கும் பெரிய சேவை அது, அவர்கள் பெயரைச் சொல்ல வேண்டியதுதான், ஆனால் ஆசிரியராக இல்லை. பாடலுக்குப் புலவர் ஆசிரியர், மின்பதிப்பை வைத்திருப்பவர்கள் மதுரைத் திட்டத்தார். பாடல் எண், வரி எண் கொடுத்துவிட்டால் எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் சரிபார்த்துக்கொள்ளலாம். "நூலகம்" என்ற இலங்கைத் தமிழ் மின்னூல் தளத்திலிருந்து எடுத்த யாழ்ப்பாணத்து மலருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்திலிருந்து எடுத்த பழைய நூலுக்கும் இதே விதி. அட்டையில் ஆசிரியர் பெயர் அழகாக அச்சாகியிருக்கும்போது பட்டியலில் "ஆசிரியர் இல்லை" என்று போட்டிருப்பதைப் பார்த்தபோது எனக்கே மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது, நீங்கள் அவசரத்தில் தளத்தின் பக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறீர்கள்.

"அநாமதேயர்" என்று போடலாமா?

வேண்டாம். ஏ.பி.ஏ. முறையில் அந்த எழுத்தே "அநாமதேயர்" என்று கையெழுத்திட்டு வெளியாகியிருந்தால் மட்டும்தான் அப்படிப் போடலாம். எம்.எல்.ஏ. என்ற நவீன மொழிச் சங்கத்தின் மேற்கோள் முறையும் அந்தச் சொல்லை இட்டு நிரப்ப வேண்டாம் என்கிறது. காரணம் எளிது. சீனியர் சொன்னபடி செய்தால் உங்கள் பட்டியலில் அகர வரிசையில் 'அ' வந்த உடனே 41 அநாமதேயர்கள் வரிசையாக நிற்பார்கள். மூன்றாம் இயலில் "(அநாமதேயர், 2016)" என்று இருந்தால் அதைப் படிக்கும் தேர்வாளர் இதில் எந்த அநாமதேயரைத் தேடுவார்?

பெயர் தெரியாவிட்டால் அந்த எழுத்தின் தலைப்பே பெயரின் இடத்துக்கு வந்துவிடும், மூன்று பெரிய முறைகளிலும் பொதுவாக இதுதான் வழக்கம். உங்கள் வலைப்பூக் கட்டுரை ஒன்றைத் தலைப்பை மாற்றிக் காட்டுகிறேன். பட்டியலில் "எங்கள் ஊர்க் குளமும் மடையும். (2016, மே 12)" என்று தொடங்கி, வலைப்பூவின் பெயர், இணைய முகவரி என்று முடியும். உடல்பகுதியில் தலைப்பின் முதல் இரண்டு மூன்று சொற்களை மேற்கோள் குறிக்குள் வைத்து, ஆண்டைச் சேர்த்தால் போதும்: ("எங்கள் ஊர்க் குளமும்", 2016). அகர வரிசையில் அது 'எ'வில் போய் உட்காரும். தேடுகிறவர் நேராக அங்கே போய்விடுவார்.

இது ஏதோ வெளிநாட்டுக்காரன் கண்டுபிடித்த விதி என்று உங்களுக்குத் தோன்றலாம். சங்க நூல்களைத் தொகுத்தவர்களிடமும் இதே சிக்கல் இருந்தது. குறுந்தொகை 40ஆம் பாடலை எழுதியவர் பெயர் தெரியவில்லை, "செம்புலப் பெயல்நீர்" என்ற அந்தப் பாடலின் சொல்லையே எடுத்து செம்புலப்பெயனீரார் என்று வைத்தார்கள். "ஓரேர் உழவன்" என்று சொன்னவர் ஓரேருழவனார். தேய்புரிப் பழங்கயிற்றைச் சொன்னவர் தேய்புரிப் பழங்கயிற்றினார். எழுத்திலிருந்து எடுத்த சொல்லையே பெயராக வைத்தார்கள், அதனால்தான் இன்றைக்கும் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் எந்தப் பாடல் என்று நமக்குத் தெரிகிறது. அதுவும் கிடைக்காத இடத்தில் பெயர் தெரியவில்லை என்று அப்படியே விட்டுவிட்டார்கள். பொருத்தமாக ஒரு பெயரைக் கற்பனை செய்து நிரப்பவில்லை. நீங்கள் தமிழ் படித்தவர், இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் எந்தக் கையேடும் இல்லாமலே பாதி இடங்களில் சரியாகச் செய்துவிடுவீர்கள்.

புனைபெயரில் எழுதுகிறவரைப் பெயரில்லாதவராக எண்ணிவிடாதீர்கள். வலைப்பூக்காரர்கள் பலர் புனைபெயரில் எழுதுகிறார்கள். அந்தப் புனைபெயரையே ஆசிரியராகப் போடுங்கள், அவருடைய சொந்தப் பெயர் உங்களுக்குத் தனிப்பட்ட முறையில் தெரிந்திருந்தாலும் அதை அச்சில் வெளியிடாதீர்கள். யூடியூப் காணொளி என்றால் ஏற்றிய சேனலின் பெயர். "அட்மின்" என்பது மட்டும் பெயர் இல்லை, அது மென்பொருள் தானாகப் போடும் சொல். அந்த இரண்டு இடங்களிலும் தலைப்புக்குப் போய்விடுங்கள்.

பெயர் இல்லாவிட்டால் உரிமையும் இல்லையா?

உங்கள் நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் அவர் சொன்ன இரண்டுமே தவறு.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 23ஆம் பிரிவு பெயரில்லாமலும் புனைபெயரிலும் வெளியானவற்றுக்கென்றே எழுதப்பட்டது. அப்படி வெளியான எழுத்துக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு பாதுகாப்பு உண்டு. ஆக 2016இல் வந்த வலைப்பூப் பதிவு உங்கள் காலத்திலும் என் காலத்திலும் யாருக்கோ சொந்தமாகத்தான் இருக்கும். ஆய்வுக்காகவும் விமர்சனத்துக்காகவும் நியாயமான அளவில் எடுத்தாள 52ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது, அதனால் நாலு வரியை மேற்கோள் குறிக்குள் போட்டு எங்கிருந்து எடுத்தீர்கள் என்று சொன்னால் பயப்பட வேண்டியதில்லை. படங்கள் விஷயம் வேறு. பெயரில்லாத தளங்களிலிருந்து ஆறு மதகுப் படங்களை முழுதாக எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். பட்டம் கிடைத்ததும் உங்கள் ஆய்வேடு இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஏறி உலகம் முழுக்கத் தெரியப்போகிறது. அந்த ஆறும் உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கும் குளங்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உங்கள் போனிலேயே எடுத்துவிட்டு வாருங்கள். எடுத்தவர் பெயர், நாள், இடம் எல்லாம் உங்களுடையதாகவே இருக்கும்.

பத்து சதவீதக் கணக்கைப் பற்றி. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018ஆம் ஆண்டுக் கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளில் ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை என்று இருப்பது உண்மைதான். 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும், 40க்கு மேல் 60 வரை என்றால் ஓர் ஆண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கவே முடியாது, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆனால் அதே விதிகளில், உரியபடி சான்று காட்டி எடுத்த மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் இந்தக் கணக்கில் வராது என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதாவது, சான்று காட்டினால் உங்கள் எண் குறையும். மறைத்தால் அந்த வரிகள் அப்படியே உங்கள் கணக்கில் ஏறும். தவிர, தேர்வாளர் மென்பொருள் இல்லை. ஒரு பத்தி மட்டும் திடீரென்று வேறு நடையில் இருப்பதை அவர் கண் கண்டுபிடித்துவிடும்.

மூன்றாம் இயலைப் பற்றி

இப்போது நான் முதலில் சொன்ன அந்த ஒரு பக்கத்துக்கு வருகிறேன். உங்கள் மூன்றாம் இயலில் மூன்று பக்கத்துக்கு ஒரு வலைப்பூக் கட்டுரையைச் சார்ந்து எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குளத்தை ஒரு பாண்டிய மன்னன் வெட்டினான், "கல்வெட்டு சொல்கிறது" என்று இருக்கிறது. எந்தக் கல்வெட்டு, எங்கே இருக்கிறது, யார் படித்தார்கள், ஒன்றும் இல்லை. இதை உறுதிப்படுத்த வேறு நான்கு தளங்களும் அதையே சொல்கின்றன என்று அடிக்குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தப் பத்தியின் ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடிப் பார்த்தேன். ஐந்து தளங்களிலும் ஒரே பத்தி வந்தது. "மதகு" என்ற சொல் "மதுகு" என்று ஒரே இடத்தில் ஐந்திலும் பிழையாக இருக்கிறது. ஒருவர் எழுதியதை மற்ற நான்கு பேரும் எடுத்துப் போட்டிருக்கிறார்கள், பிழையோடு. எனவே உங்களிடம் இருப்பது ஐந்து சாட்சிகள் இல்லை, ஒரே சாட்சி. அந்தச் சாட்சியும் யார் என்று தெரியாது, தனக்கு எப்படித் தெரிந்தது என்றும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் எந்த மேற்கோள் முறையும் கைகொடுக்காது. தலைப்பை முன்னால் போட்டு, தேதி, முகவரி எல்லாம் பிசகாமல் கொடுத்தாலும் அந்தச் செய்தி உறுதியாகிவிடாது. உங்கள் நெறியாளர் சிவப்பு மையில் வட்டமிட்டதன் உள்ளர்த்தம் இதுதான் என்று நினைக்கிறேன். பெயர் வேண்டும் என்று அவர் கேட்பதில், இதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி இருக்கிறது. ஒரு பக்கம் மாவட்ட நிர்வாகத்துடையது என்றால் அதில் ஒரு எண் தப்பாக இருந்தாலும் கேட்க ஓர் இடம் இருக்கிறது. இந்த வலைப்பூவில் அப்படி யாரும் இல்லை.

கல்வெட்டு என்று வந்துவிட்டால் கல்வெட்டிடமே போய்விடுங்கள். இந்தியத் தொல்லியல் துறையின் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள் 1890இலிருந்து வந்துகொண்டிருக்கின்றன, கல்வெட்டு ஆண்டறிக்கைகளும் இருக்கின்றன, தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட தொகுதிகளும் இருக்கின்றன. ஆண்டறிக்கையில் ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஓர் எண் உண்டு, ஊர்ப்பெயர் வாரியாகத் தேடலாம். உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் இல்லாவிட்டால் சென்னையில் கன்னிமாராவிலோ ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ கேட்டுப் பாருங்கள். எண் கிடைத்துவிட்டால் அந்த வலைப்பூவே உங்களுக்குத் தேவைப்படாது. கிடைக்காவிட்டால் அதையும் எழுதுங்கள்: "இக்குளத்தைப் பாண்டிய மன்னன் ஒருவன் வெட்டியதாக இணையப் பதிவுகளில் சொல்லப்படுகிறது, அச்சான கல்வெட்டுத் தொகுதிகளில் இதற்குச் சான்று கிடைக்கவில்லை." இந்த ஒரு வாக்கியம் நீங்கள் இப்போது எழுதியிருக்கும் மூன்று பக்கங்களைவிடக் கனமானது. வைவாவில் இதைத் தைரியமாகச் சொல்லலாம், தேர்வாளர் மகிழ்ச்சியோடு கேட்பார்.

மற்ற எட்டுப் பக்கங்களில் இந்தப் பயம் இல்லை. அவற்றில் நீங்கள் எடுத்திருப்பது ஊர்க்காரர்களின் நினைவுகள், திருவிழா வழக்கங்கள், குளத்துச் சண்டைக் கதைகள். ஊர் எப்படி நினைக்கிறது என்பதற்கு அவையே சான்று, பெயர் இல்லாவிட்டாலும் நிற்கும், நான் மேலே சொன்ன தலைப்பு முறையில் காட்டிவிடுங்கள். ஆனால் இன்றைக்கே சேமித்துவிடுங்கள். 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து ஆண்டில் காணாமல் போய்விட்டதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் சொன்னது, பெயரில்லாத வலைப்பூக்களைக் கவனிக்க ஆளே இல்லாததால் அவை இன்னும் சீக்கிரம் போகும் என்பது என் அனுபவம். இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துச் சேமித்தால் புதிதாக ஒரு முகவரி கிடைக்கும், அதற்குள்ளேயே சேமித்த ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடிவரை 14 இலக்கமாக இருக்கும். பட்டியலில் அந்த முகவரியையும் சேர்த்துக் கொடுங்கள். கூடவே பிடிஎஃப் ஒன்றும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நெறியாளரிடம் எப்படிச் சொல்வது

அவரிடம் போய் "ஏ.பி.ஏ.வில் இப்படித்தான் இருக்கிறது" என்று ஆரம்பிக்காதீர்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டு விதிமுறைகளில் எந்த முறை என்று இருக்கிறதோ அதுதான் உங்களுக்கு முதல், தமிழ்த் துறைகளில் பல இடங்களில் இன்னும் அடிக்குறிப்பும் "மேலது"வும்தான் (முந்தைய குறிப்பில் சொன்ன அதே நூல் என்று பொருள்) நடைமுறை, அங்கே பெயர் இல்லாத பக்கத்துக்குத் தலைப்பும் தளத்தின் பெயரும் பார்த்த நாளும் வரிசையாக வந்தால் போதும். அந்த விதிமுறைப் பக்கத்தின் நகலையும், 41ஐயும் நான் பிரித்த மாதிரி ஐந்து வகையாகப் பிரித்த ஒரு தாளையும் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். "ஐயா, இந்த 32க்குப் பொறுப்பானவர்களைக் கண்டுபிடித்துவிட்டேன், இந்த எட்டை ஊர் வழக்குக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன், இந்த ஒன்றை விட்டுவிட்டு மூலக் கல்வெட்டைத் தேடுகிறேன்" என்று சொல்லுங்கள். அவர் சொன்னதைத்தான் நீங்கள் செய்திருக்கிறீர்கள் என்று அவருக்கே தெரியும்.

கடைசியாக ஒன்று, இதை நீங்கள் கேட்கவில்லை. அந்த எட்டில் ஒரு பதிவில், பக்கத்து ஊரில் 80 வயதைத் தாண்டிய நீர்ப்பாய்ச்சி ஒருவர் கோடைக்காலத்தில் எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று மனக்கணக்காகவே பிரித்துவிடுவார் என்று ஒரு பத்தி வருகிறது. அந்தப் பதிவில் எழுதியவர் பெயரும் இல்லை, அந்தப் பெரியவர் பெயரும் இல்லை. பதிவு 2016இல் வந்தது. அந்த ஊர் உங்கள் பள்ளியிலிருந்து 14 கிலோமீட்டர் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். மதகைப் படம் எடுக்கப் போகிற அதே ஞாயிற்றுக்கிழமை விசாரித்துப் பாருங்கள், அவர் இல்லாவிட்டாலும் அவர் வீட்டில் யாராவது இருப்பார்கள். பேசச் சம்மதம் கேட்டு, பதிவு செய்து, பெயர், வயது, ஊர், பேசிய நாள் எல்லாம் எழுதிக்கொண்டு வந்து பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியலில் சேருங்கள்.